ஏழாம் எண் வில்லை

பலகையில் ஏழாம் எண் தொங்கிக்கொண்டிருந்தது.

ஜும்மாவுக்குக் கிளம்பி, தொப்பியைச் சட்டைப்பையில் திணித்தபடி கப்பலின் மேல்தளத்தில் நடந்து வந்த அஸ்கர் அலி அப்படியே நின்றுவிட்டான். இந்த வேலைக்கு ஆறு பேர்தான். மற்ற ஐவரும் சோற்றுக்குக் கீழே இறங்கியாயிற்று, அவரவர் வில்லை அவரவர் பையில். பலகை காலியாக அல்லவா இருக்க வேண்டும்?

கிரேனைத் தாங்கும் இரும்புத் தூண் உள்ளே வெறும் கூடு. அதற்குள் ஏணி ஏறுகிறவன் தன் எண் பொறித்த பித்தளை வில்லையை வெளியே பலகையில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். திரும்பி வந்ததும் தானே கழற்ற வேண்டும். ஒரே ஒரு வில்லை தொங்கினாலும் கிரேன் மோட்டாருக்குக் கரண்டு கிடையாது. அடுத்தவன் வில்லையில் கை வைக்கவே கூடாது. கப்பல் பழுதுபார்க்கும் யார்டில் சேர்ந்த அன்றே சொல்லிவிடுவார்கள்.

ஏழு, சின்னராசுவின் எண்.

போன வருஷம் இதே கப்பல், இதே கிரேன். கிரீஸ் தடவ சின்னராசு தூணுக்குள் போயிருந்தான். எடுக்க மறந்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான் என்று நினைத்து, அவன் வில்லையைக் கழற்றியவன் அஸ்கர். கரண்டு வந்தது. உச்சியில் கிரேனைத் திருப்பும் பல்சக்கரம் கால் வட்டம்கூட முடிக்கவில்லை, சின்னராசு அதில் நசுங்கிச் செத்தான். வில்லை மாட்டாமல் போன மடையன் என்று யார்டே சின்னராசுவைப் பழித்தது. அவன் பெண்டாட்டி பூவம்மாளும் அதைத்தான் நம்பினாள். அஸ்கர் வாயே திறக்கவில்லை. அன்று சாயங்காலம் வில்லையைக் கடலில் வீசினான்.

இப்போது அது ஈரம் சொட்டிக்கொண்டு தொங்கியது. பாசி நாற்றம்.

யாராவது பார்ப்பதற்குள் எடுத்துவிட வேண்டும். வேறெதுவும் தோன்றவில்லை. வெடுக்கென்று கழற்றிப் பைக்குள் போட்டான். தொடையில் சில்லென்று ஒட்டியது.

அப்போதுதான் தூணுக்குள் தட்டும் சத்தம் கேட்டது.

டொக். டொக். டொக்.

மூன்று தட்டு. உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம்.

கும்மிடிப்பூண்டியில் செய்து வந்த புது மோட்டாரைச் சாப்பாடு முடிந்ததும் ஓட்டிப் பார்ப்பதாக இருந்தது. நிஜமாகவே ஒருவன் உள்ளே இருந்தால்? இன்னொரு சாவு தன்னால் விழக் கூடாது. தன் வில்லை கீழே சாப்பாட்டுப் பையில் இருந்தது. ஒரு நிமிஷ வேலை, எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். குனிந்து உள்ளே நுழைந்தான்.

வெளியே கொளுத்தும் வெயில். உள்ளே கிணற்றின் குளிர். பழைய எண்ணெயும் துருவும் ஈரமும் கலந்த வாடை மூக்கில் ஏற, கம்பி கம்பியாகப் பிடித்து, தலைக்கு மேலே எங்கோ தொடர்ந்த அந்தத் தட்டலை நோக்கி ஏறினான்.

"யாரு? ஸ்டீவனா?" கூட வேலை செய்யும் பையனின் குறும்போ என்று கேட்டான்.

தட்டல் நின்றது. ஏணிக் கம்பிகள் ஈரமாக இருந்தன.

"இன்னா வெளையாட்டு இது? எறங்கி வா!"

பாதி உயரம் தாண்டிவிட்டான். பல்சக்கரத்தின் விளிம்பு கண்ணுக்குத் தெரிந்தது. புதுசாகக் கிரீஸ் தடவியிருந்தது.

கீழே காலடிச் சத்தம். மேஸ்திரி ராஜமாணிக்கத்தின் குரல்.

"போர்டு காலியா கீதா பாரு."

"காலிதாண்ணே," ஸ்டீவன் சொன்னான். "அஸ்கர் அண்ணன எங்க காணோம்?"

"வெள்ளிக்கெழம இல்ல? தொழுவப் போயிக்கீறான். நாம ஆரம்பிச்சிக்கினு இருப்போம், வந்துருவான்."

"நான் இங்க கீறேன்!"

கத்தியது தூணுக்குள்ளேயே சுற்றியது. கீழே நீர் இறைக்கும் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. இறங்கக் காலை நீட்டினான். கம்பியில் கிரீஸ். வழுக்கியது. பிடித்துக்கொண்டான். கை முட்டியால் தூணைத் தட்டினான். ஒன்று. இரண்டு. மூன்று.

"யாரோ தட்றாப்ல இல்ல?" ஸ்டீவன்.

"பம்பு சத்தம்டா. வில்லைதான் இல்லியே. போடு பவர."

மோட்டார் முனகியது. ஏணி அதிர்ந்தது.

பைக்குள் வில்லை கனத்தது.

அஸ்கர் அண்ணாந்து பார்த்தான். நகரத் தொடங்கிய பற்களுக்கு இடையிலிருந்து, கிரீஸ் அப்பிய ஒரு கை அவன் முகத்துக்கு நேரே இறங்கி வந்தது. உள்ளங்கை விரிந்திருந்தது. எடுத்த வில்லையைத் திருப்பிக் கேட்பதுபோல, அது பொறுமையாகக் காத்திருந்தது.