மஞ்சள் போர்வை

"மறுபடியும் அத மெஷின்ல போட்டியா, லோகா? நேத்துதானே—"

"நேத்து துவைச்சா இன்னைக்கு அழுக்காகாதா? மோந்து பாருங்க லா, ஒரே சேத்து நாத்தம்—"

"அலமாரில மடிச்சு வெச்ச போர்வை எப்படி அழுக்காகும்? யாரு போத்துறா அத?"

"யாருன்னு உங்களுக்குத் தெரியாதாக்கும்!"

அர்ஜுனனுக்குத் தெரியும். டெங்கியில் போன மகள் தனுஷாவின் போர்வை அது. ஏழு வயது. காய்ச்சலில் அதைத்தான் இறுகப் பற்றிக்கொண்டு கிடந்தாள். அவள் போனதிலிருந்து லோகேஸ்வரி தினமும் அதைத் துவைக்கிறாள். முயல்குட்டி போல மெத்தென்றிருந்தது இப்போது வழுக்கை விழுந்து, விரித்துப் பிடித்தால் மறுபக்கம் டத்தோ கிராமாட் சாலையின் கார் விளக்குகள் தெரிகின்றன. இப்படியே போனால் மகளுடையது என்று அதுவும் மிஞ்சாது. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"பஞ்சு இல்ல லோகா, இது பிளாஸ்டிக். ஒவ்வொரு துவையலுக்கும் பொடிப்பொடியா உதிருது. எல்லாம் எங்க கழிவுநீர் பிளாண்டுக்குத்தான் வருது. முக்கால்வாசி சேத்துல தங்கிரும். மீதிய எந்தத் தொட்டியும் பிடிக்காது, நேரா கடலுக்குத்தான். நீயே அவள கொஞ்சங் கொஞ்சமா கரைக்கிற."

"ஆமா, நாள் பூரா ஊரு அழுக்குத் தண்ணியில நிக்கிறவரு, எனக்குத் துவைக்கச் சொல்லித் தர்றாரு! நீங்க மொத்தமாக் கரைச்சவர்தானே? சம்பான் படகுல போயி அவ சாம்பலக் கடல்ல கொட்டிட்டு, திரும்பிக்கூடப் பாக்காம வந்தீங்க."

"திரும்பிப் பாக்கக்கூடாதுன்னு ஐயரு சொன்னாரு."

"பிள்ள கூப்பிட்டிருந்தா?"

அவன் லோகேஸ்வரியின் பழைய நைலான் காலுறை ஒன்றை எடுத்துக் குளியலறைக்குப் போனான். சாக்கடைத் துளையின் மேல் கிடந்த மெஷின் குழாயின் வாயில் அதை மாட்டி இறுக்கிக் கட்டினான். உதிர்வதைக் கண்ணால் கண்டால் நிறுத்துவாள்.

வெளியே மாலை மழை பிடித்துக்கொண்டது. கீழ்க்கடையில் வறுக்கும் குவே தியோ நூடுல்ஸின் புகையும் சவர்க்கார நுரையின் வாசமும் ஈரச் சுவரின் பாசி நெடியும் ஒன்றாகக் கலந்து அந்தச் சின்னக் குளியலறையில் மூச்சு முட்ட நிற்க, மெஷின் உறுமி, சுழன்று, கடைசி நீரைக் கக்கிவிட்டு ஓய்ந்தது.

காலுறைக்குள் மஞ்சளாய் ஒரு கை நார். அவன் பிழிந்து நீட்டினான்.

"பாத்தியா?"

வாசலில் நின்ற லோகேஸ்வரி அதைப் பார்க்கவில்லை. கையில் காய்ந்த துண்டு வைத்திருந்தாள். அவள் பார்வை சாக்கடைத் துளையில் இருந்தது.

துளை களகளத்தது.

மெஷின் நின்றுவிட்டதே என்று நினைத்தான். அலையிறங்கிய கரையின் சேற்று வாடை மேலே வந்தது. கம்பி மூடியின் ஒரு கண்ணில் மஞ்சள் இழை ஒன்று எட்டிப் பார்த்தது. பிறகு இன்னொன்று. பிறகு எல்லாக் கண்களிலும். போர்வை வாங்கிய அன்றைக்கு இருந்த பளிச்சென்ற மஞ்சள். இத்தனை மாதமாய்ப் போனதெல்லாம். நடுநடுவே சாம்பல் துகள்.

இழை இழையைப் பிடித்தது. திரண்டது. எழுந்தது.

அவன் இடுப்புயரம்.

திரும்பினான். வாசல் இரண்டடி.

பின்னாலிருந்து எதுவோ அவன் சுண்டுவிரலைப் பற்றியது. ஈரமாய். மெத்தென்று. ஐந்து விரல்கள். உள்ளே எலும்பில்லை.

ரோடு தாண்டும்போது தனுஷா கையைப் பிடிக்க மாட்டாள். சுண்டுவிரலை மட்டும்தான்.

லோகேஸ்வரி அவனைத் தாண்டி, சற்றுக் கீழே பார்த்துச் சிரித்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு. துண்டை விரித்தாள்.

விரலில் பிடி இறுகியது.

"ஏங்க," என்றாள் மெதுவாக, "இந்தத் தடவையாவது திரும்பிப் பாருங்க."