தளர்த்திய கம்பி

காலையிலேயே மாமியார் ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னிக்கு என் சின்னவன் வர்றான். ஒன்பது வருஷம் கழிச்சு இந்த வாசப்படி மிதிக்கிறான். நீ தயவுசெஞ்சு வாயத் தொறக்காத. உனக்குப் புண்ணியமாப் போகும்."

மருமகள் பாத்திரம் தேய்க்கும் தொட்டிக்குள் கையை விட்டபடியே நின்றாள். கூடத்தில் அவள் கணவன் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தான். அம்மா சொன்னது காதில் விழாமல் இருக்குமா என்ன? ஆயிரக்கணக்கான பேர் போடுகிற கூச்சலுக்கு நடுவிலும் ஒரு கம்பி சுருதி விலகினால் கண்டுபிடிக்கிற காது அது. வீட்டுக்குள் மட்டும்தான் மந்தமாகிவிடும்.

'துரு' என்று ஒரு ராக் இசைக்குழு இருந்தது. அண்ணன் பாட்டும் கிட்டாரும், தம்பி டிரம்ஸ், நெட்டை என்று எல்லாரும் கூப்பிட்ட நண்பன் பேஸ் கிட்டார். சத்தத்தை அடக்க கார் ஷெட்டுச் சுவரில் முட்டை அட்டைகளை ஒட்டிவைத்துத் தொடங்கினார்கள். கிழிந்த சட்டை, சீவாத தலை, முணுமுணுப்பில் ஆரம்பித்துத் தொண்டை கிழியும் கத்தலில் முடிகிற பாட்டு. பக்கத்து வீட்டுக்காரர் போலீசைக் கூப்பிட்டார். அடுத்த வருஷம் அதே பாட்டை அவருடைய மகளே நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மருமகள் வாத்தியம் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்தவள். கச்சேரிகளில் மேடையோரத்து இருட்டில் நின்று, கம்பி மாற்றி, சுருதி சேர்த்து, ஒவ்வொரு பாட்டுக்கும் கிட்டாரை எடுத்துக் கொடுப்பாள். பாடகன் அவளையே கல்யாணம் செய்துகொண்டான். "கம்பி முறுக்க வந்தவ" என்று மாமியார் அன்றே பெயர் வைத்துவிட்டாள்.

இரண்டாவது ஆல்பத்தில் குழுவின் ஓசை இன்னும் கனத்தது. பூமிக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி இருக்கிறது என்று பத்திரிகைகள் கொண்டாடின. கடல் தாண்டி ஒரு பெரிய சுற்றுப்பயணம் முடிவானது. அப்போதுதான் இவள் ஆல்பம் போட்ட கம்பெனிக்காரர்கள் முன்னால், எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். "இவர நான் அனுப்ப மாட்டேன். என்னால தனியா இருக்க முடியாது."

அதோடு துரு முடிந்தது. தம்பி டிரம்ஸ் குச்சிகளை வாசலில் எறிந்துவிட்டுப் போனவன்தான்.

அவன் வந்தபோது முன்தலை வழுக்கையாகியிருந்தது. தோளில் ஒரு கிட்டார் பை. ஏதோ பள்ளியில் பிள்ளைகளுக்கு வாத்தியம் சொல்லிக்கொடுக்கிறானாம். அம்மாவைக் கட்டிக்கொண்டான், அண்ணன் தோளைத் தட்டினான். அண்ணியைப் பார்க்காமல் சுவரிடம் பேசினான்.

"அண்ணே, ஒரே ஒரு கச்சேரி. நெட்டை சரின்னுட்டான். நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

செய்தித்தாள் அசையவில்லை. மருமகள் ஈரக்கையோடு கூடத்துக்கு வந்தாள்.

"வேணாம் தம்பி. அவரால முடியாது."

"பாத்தியாடா?" மாமியாரின் குரல் உடைந்தது. "என் ரெண்டு பிள்ளைங்களையும் பிரிச்சா. இவன் பாட்டையும் புடுங்கிக்கிட்டா. இன்னும் என்னம்மா வேணும் உனக்கு? நான் செத்தாத்தான் திருப்தியா?"

"அண்ணி..." தம்பி முதல்முறையாக அவளைப் பார்த்தான். "நாங்க உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணோம்? அதையாவது சொல்லுங்க."

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் பக்கத்தைப் புரட்டினான்.

தம்பி பையைத் திறந்தான். "சரி, கச்சேரி வேணாம். அம்மாவுக்காக நம்ம முதல் பாட்ட ஒரு தடவை பாடு. அது போதும் எனக்கு."

தன் கிட்டாரில் வாசிக்கத் தொடங்கினான். அண்ணன் வாயைத் திறந்தான், மூடினான்.

"அது வேணாம்" என்றான். "செவுத்துல இருக்கே, அதுல வாசி."

தம்பி சுவரிலிருந்து அந்தப் பழைய கிட்டாரை எடுத்தான். விரலுக்குக் கம்பிகள் முரட்டுத் தடிமனாகத் தட்டுப்பட்டன. சற்று முன் வாசித்த அதே இடத்தில் விரல்களை வைத்து மீட்டினான். பாட்டு கிணற்றுக்குள் விழுந்தது போல எங்கோ கீழே ஒலித்தது. அவன் கை நின்றுவிட்டது. அந்தக் காலத்தில் அவன் டிரம்ஸ் அடித்தவன். சுருதி எவ்வளவு இறங்கினாலும் அவனுக்கு அடி அதே அடிதான். கிட்டார் கற்றுக்கொண்ட பிறகு இதை இப்போதுதான் தொடுகிறான்.

"இதோட சுருதிய இவ்வளவு இறக்கி வெச்சது யாரு?"

"நான்தான்" என்றாள் அவள்.

"எப்பலேருந்து?"

"ரெண்டாவது ஆல்பத்துலேருந்து. பாடி முடிச்சு அவர் துப்பினதுல ரத்தம் வந்துச்சு. அவர் மேல எட்டிக் கத்த வேண்டாம்னு அன்னிலேருந்து ஊர் ஊரா கம்பியக் கொஞ்சம் கொஞ்சமாத் தளர்த்தினேன். தொளதொளன்னு ஆகக்கூடாதுன்னு தடிக் கம்பி போட்டேன். பேஸையும் சேர்த்து இறக்கினேன். புது ஸ்டைல்னு நெட்டை சந்தோஷப்பட்டாரு."

"அப்ப அந்த டூரு..."

"போயிருந்தா பேச்சே போயிருக்கும்னு டாக்டர் சொன்னாரு. தொண்டை போனது வெளிய தெரிஞ்சா செத்துடுவேன்னு இவர் அழுதாரு. பழிய நீ ஏத்துக்கோன்னாரு. ஏத்துக்கிட்டேன்."

தம்பி அண்ணன் பக்கம் திரும்பினான். "நெஜமாண்ணே?"

செய்தித்தாள் மெல்ல இறங்கியது. "ம்" என்றான் அவன்.

மாமியார் தள்ளாடி எழுந்து வந்து மருமகளைக் கட்டிக்கொண்டாள். "என் பிள்ளையக் காப்பாத்தினவளையா நான் கரிச்சுக் கொட்டினேன்... பாவி, நான் பாவி..." தம்பி அண்ணியின் ஈரக்கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அவளும் அழுதாள். எத்தனை நாள் அடக்கிய அழுகை, கொஞ்ச நேரத்தில் நிற்குமா?

ஒருவழியாக நின்றது. முகத்தைத் துடைத்துக்கொண்டு கணவனிடம் போனாள்.

"பழி சுமந்தது எனக்கு வலிக்கலைங்க. நானாத்தான் ஏத்துக்கிட்டேன். ஆனா டாக்டர் கத்தக்கூடாதுன்னுதான் சொன்னாரு. பேசக்கூடாதுன்னு சொல்லலை. அத்தை என்னைத் திட்டும்போதெல்லாம், அவ மேல தப்பில்லம்மான்னு ஒரு வார்த்தை... அதுக்கு அந்தத் தொண்டை போதும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அதக் காப்பாத்தினேன்."

அவன் தலை குனிந்தது.

தன் கருவிப் பையிலிருந்த கம்பி முறுக்கும் சாவியை அவன் முன்னால் மேசையில் வைத்தாள். "இனிமே நீங்களே சேர்த்துக்குங்க."

"எங்கம்மா போற?" மாமியார் பதறினாள்.

"நான் வேலை செஞ்ச கடைக்கு மேல ஒரு ரூம் காலியா இருக்கு அத்தை. நீங்க எப்ப வேணா வரலாம். தம்பியும் வரலாம்." கருவிப் பையை எடுத்துக்கொண்டு கணவன் பக்கம் திரும்பினாள். "உங்க பகல் மாத்திரை ஃபிரிட்ஜ் மேல இருக்கு. சாப்பிட்டுப் போட்டுக்குங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். பின்னால் நாற்காலி நகர்ந்தது. அவன் எழுந்துவிட்டான். மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம்கூடக் கேட்டது. எத்தனை மேடைகளில் அந்த மூச்சைக் கேட்டிருக்கிறாள், அடுத்து குரல் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

காத்திருந்தாள். குரல் வரவில்லை. கதவைச் சாத்திவிட்டுத் தெருவில் இறங்கினாள்.