ஐந்தாவது சேனல்

"18 ஆகஸ்ட் 2024, ஞாயிறு. வெள்ளிக்கிழமை வகுப்பில் ஒரு வகுத்தல் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டேன். எங்கே தவறினேன் என்று இன்னும் தெரியவில்லை."

எழுதிவிட்டுப் பியூலா பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தாள். பகலில் மருந்துக்கடையில் பில் போடுகிறவள். மாலையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே கம்ப்யூட்டர் சர்வீஸ் வகுப்புக்குப் போகிறாள். எதையும் மூன்று முறை சரிபார்த்துவிட்டு நான்காம் முறை தன்னையே சந்தேகப்படுவாள்.

வெள்ளிக்கிழமைப் பாடம் ஹார்டு டிஸ்க். மூன்றரை அங்குலப் பெரிய டிஸ்க் கரண்டை அதிகம் குடிக்கும், சூடாகும். ஆனால் ராப்பகலாக எழுதினாலும் தாங்குகிற மாதிரி செய்தது கிடைக்கும். லேப்டாப்புக்கான சின்னது அவ்வளவு சூடாகாது, சத்தம் போடாது. ஓயாத வேலைக்குத்தான் ஆகாது. அவரவர் வீட்டுக் கேமராப் பதிவுப் பெட்டியை வைத்துக் கணக்குப் போடச் சொன்னார் முத்து முகம்மது சார். அவள் வீட்டில் நான்கு கேமரா, ஐந்நூறு ஜிபி சின்ன டிஸ்க். இருபது நாள் பதிவு நிற்க வேண்டும். பதினாறு நாள்தான் இருந்தது.

"அஞ்சு கேமரா இருந்தாத்தாம்மா பதினாறு வரும்," என்றார் சார். "வீட்டுல எத்தன கேமரான்னே தெரியல. இந்தப் பிள்ள எங்கிட்டுப் பரிட்சை எழுதப் போகுது!"

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்து வைத்தாள்.

வீடு அண்ணன் ஜோயலுடையது. ராஜபாளையத்தில் கேமராக் கடை வைத்திருக்கிறான். இந்த வீட்டை வாங்கிய பின் ஒரு வருஷம் பூட்டியே போட்டிருந்தான். "வாடகையெல்லாம் வேண்டாம், நீ இரு," என்று சாவியை அவள் கையில் வைத்தபோது அழுதுவிட்டாள். அப்பா அம்மா போன பிறகு அவளுக்கென்று யாராவது செய்த பெரிய காரியம் அதுதான். கேமராவையும் அவனே மாட்டினான். பெரிய டிஸ்க் போடச் சொன்னதற்கு மட்டும் எரிந்து விழுந்தான். "பழசையெல்லாம் சேத்து வச்சு என்னட்டி பண்ணப் போற? அதது அழியட்டும்."

இப்போது ஹாலில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. மெயின் ரோட்டில் பஸ்கள் ஹாரன் அடித்துப் போவதும், பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலும், தூரத்தில் யாரோ நாயை அதட்டுவதும் ஒவ்வொன்றாய் அடங்க, எல்லாவற்றுக்கும் அடியில், சுவர் அலமாரிக்குள் மூடியிருந்த அந்தப் பெட்டி விடாமல் இரைந்துகொண்டிருப்பது கேட்டது. அலமாரியைத் திறந்தாள். காய்ந்த தூசி சூட்டில் வதங்கும் வாடை. பெட்டியின் மேல் கை வைத்தாள்.

காய்ச்சல்காரன் நெற்றி போல் இருந்தது.

சின்ன டிஸ்க் இப்படிச் சுடாது. நான் தொட்டதுதான் தப்போ என்று மறு கையையும் வைத்துப் பார்த்தாள். அதே சூடு. பின்பக்கம் வயர்களை எண்ணினாள். நான்கு. ஐந்தாவது ஓட்டையில் சிலந்தி நூல் கட்டியிருந்தது.

மானிட்டரைப் போட்டு மெனுவுக்குள் போனாள். கேமராவுக்கு ஒன்றாக நான்கு சேனல்தான் இருக்க வேண்டும். ஐந்தாவது சேனல். பதிவு ஓடிக்கொண்டிருந்தது. திரையில் தெரிய வேண்டாம் என்று யாரோ மறைத்து வைத்திருந்தார்கள். மறைப்பை எடுத்தாள்.

இதே ஹால். அடுக்களை வாசலில், ஓர் ஆள் உயரத்திலிருந்து எடுத்த மாதிரி. நடுவில் அவள் முதுகு.

திரும்பினாள். அடுக்களை வாசலில் யாரும் இல்லை. கேமராவும் இல்லை.

மறுபடி திரையைப் பார்த்தாள். படம் ஏறியது. இறங்கியது. மெதுவாக. ஏறியது.

மூச்சு.

ஜோயலுக்கு போன் போட்டாள். அந்தப் பக்கம் டிவி இரைந்தது. குழந்தை கத்திக்கொண்டு ஓடியது.

"அண்ணே, அஞ்சாவது சேனல்ல என்ன இருக்கு?"

ஒரு கதவு சாத்தப்பட்டது. டிவி சத்தம் அடங்கியது.

"அதத் தொறந்துட்டியா?"

நாலு கேமராவுக்கு ஏது ஐந்தாவது சேனல் என்று அவன் கேட்கவில்லை. அதுதான் முதலில் உறைத்தது.

"அது ஒண்ணும் செய்யாதுட்டி," என்றான். "பாத்துக்கிட்டு நிக்கும். அம்புட்டுதான்."

"தெரிஞ்சுதான் என்னைய இங்க வச்சியா?"

"அந்த வீடு சும்மா கெடந்தப்ப அது இங்க எங்க வீட்டுக்கு வந்துருச்சு பியூலா. எம்மக கட்டில் பக்கத்துல நின்னுச்சு. அங்க ஆளு இருந்தா அங்கேயே கெடக்கு. நான் என்ன செய்ய? எனக்குப் பிள்ள இருக்கு. நீ ஒத்தக் கட்டை."

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"வாடகை கூட நான் கேக்கலயே. ஏட்டி, கோவிச்சுக்கிட்டு வீட்டப் பூட்டிட்டு மட்டும் வந்துராத. கேக்குதா?"

போனை வைத்துவிட்டாள்.

சாவியைக் கொடுத்த அன்று அவள் விரல்களை அவன் அதன் மேல் இறுக மூடிவிட்டது ஞாபகம் வந்தது. பாசம் என்று நினைத்திருந்தாள்.

திரும்பிப் பார்க்கவில்லை. திரையை மட்டும் பார்த்தாள். முதுகு பெரிதாகியிருந்தது. பின்னல். கழுத்து. காதோரம் வேர்வை. படம் ஏறி இறங்கியது. கழுத்தில் காற்று படவில்லை. சூடு மட்டும் பட்டது.

டைரியை இழுத்தாள். கை அது பாட்டுக்கு எழுதியது. திரையில், அவள் தோளுக்கு மேலிருந்து, பேனா முனை தெரிந்தது. ஒவ்வோர் எழுத்தும் தெளிவாகத் தெரிந்தது. படம் ஏறவில்லை. இறங்கவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு வாசிப்பது போல் அப்படியே நின்றது.

"நாளை: வீட்டைப் பூட்ட வேண்டும். முதல் பஸ்ஸில் ராஜபாளையம், அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும்."