எறும்பு ஏறாத சர்க்கரை

சமையல் மேடை முழுக்கச் சர்க்கரை சிந்திக் கிடந்தது. டப்பாவும் திறந்தே இருந்தது. எறும்பு ஒன்றுகூட இல்லை.

கல்லூரியிலிருந்து எரிச்சலோடு திரும்பிய ஆஷ்லினுக்கு முதலில் அது வினோதமாகப் படவில்லை. நிம்மதியாகத்தான் இருந்தது. வைகையை ஒட்டிய கோச்சடையில் எறும்பில்லாத வீடு ஏது? எத்தனை சாக்பீஸ் கோடு போட்டாலும் தாண்டி வரும் சனியன்கள். இன்றைக்கு என்ன வந்தது இதுகளுக்கு?

அவள் மனமெல்லாம் மத்தியானச் சண்டையில் இருந்தது. சிறுகுறிஞ்சான் இலையை மென்றால் கொஞ்ச நேரத்துக்கு நாக்கில் சர்க்கரை வெறும் மணலாகிவிடும். அந்த இலையிலிருந்து வேதிப்பொருள்களைப் பிரித்தெடுத்து, சர்க்கரை நோய் உண்டாக்கிய எலிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பதுதான் அவள் ஆராய்ச்சி. அம்மாவின் காலில் ஆறாத புண்ணைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த வேலைக்கே வந்தாள். பிரித்ததில் ஒரு சாறு பிரமாதமாக வேலை செய்தது. எலிகளுக்குச் சர்க்கரை மளமளவென்று இறங்கியது. பிறகு கூண்டுக்குள் எறும்பு வந்தது. தீனியைத் தொடவில்லை, எலிகள் மேல் ஏறியது. எலிகள் உதறவும் இல்லை, ஓடவும் இல்லை. பாதி உடம்பைத் தின்னக் கொடுத்துவிட்டு, மீதி உடம்போடு உட்கார்ந்து தீனி கொறித்துக்கொண்டிருந்தன.

எடுத்த படங்களை மத்தியானம் தன் ஆராய்ச்சி வழிகாட்டி, பேராசிரியர் மைக்கேல்ராஜிடம் காட்டினாள். அவர் முகம்கூடச் சுளிக்கவில்லை.

“கூண்டைச் சுத்தமா வச்சிருக்கத் தெரியல உனக்கு. அந்த எலிகளக் கணக்குல சேக்காத.”

“எல்லா எலியும் அப்படித்தான் சார் செத்துச்சு.”

“சர்க்கரை எறங்குச்சா, இல்லையா? மனுசங்களுக்குக் குடுக்குற நேரத்துல வந்து எறும்பு கிறும்புன்னுட்டு!”

அந்த ஆளின் மேசையைத் தூக்கி அவர் தலையிலேயே போட்டிருக்க வேண்டும். போடாமல் வந்ததுதான் இப்போதும் நெஞ்சில் எரிந்தது.

கரண்ட் போயிருந்தது. பொழுது சாய்கிற நேரம். தெருவில் ஆட்டோக்கள் போகும் இரைச்சலும், ஆற்றுப் பக்கமிருந்து வரும் சாக்கடை வாடையும், ஜன்னல் கம்பிகளின் நிழல் நீண்டுகொண்டே போய்ச் சுவரில் ஏறுவதும் தினமும் உள்ளவைதான். ஆனால் அவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொரு சத்தம், காய்ந்த சருகை யாரோ அவசரமில்லாமல் விரலால் நெருடுவதுபோல, அம்மாவின் அறைக்குள்ளிருந்து வந்துகொண்டே இருந்தது. கூடவே லேசாக ஒரு புளித்த வாடை.

“அம்மா, சர்க்கரையெல்லாம் கொட்டிக் கெடக்கு. டீ போட்டியா?”

“போட்டேன்டி. டப்பா கையில நிக்கல. எம்புட்டுப் போட்டாலும் இனிக்கவே மாட்டேங்குது.”

சிறுகுறிஞ்சான் இலையை மென்ற நாட்களில் ஆஷ்லினே சொல்லும் வார்த்தை அது.

ஃபிரிட்ஜைத் திறந்தாள். முட்டைகளுக்குப் பின்னால் ஒரு பழுப்பு பாட்டில். மேலே ஒட்டியிருந்தது அவளுடைய கையெழுத்து. எலிகளுக்குக் கொடுத்த, ஆய்வகத்தில் பூட்டி வைத்த அதே சாறு. சாவி அவளிடம் ஒன்று, மைக்கேல்ராஜிடம் ஒன்று. பாட்டிலில் பாதிக்கு மேல் காலி. அம்மாவின் சர்க்கரை மாத்திரைகள் பிரிக்காமல் கிடந்தன.

“ஃபிரிட்ஜ்ல இருக்குற பாட்டில யாரும்மா குடுத்தா?”

“நம்ம மைக்கேலுதான். நாலாங்கிளாஸ்ல ஏங்கிட்டப் படிச்ச பய, எனக்குக் கெடுதல் பண்ணுவானா? மாத்திரைய நிறுத்திட்டு இதக் குடிங்க டீச்சர், ஆஷ்லின்கிட்ட மட்டும் இப்பச் சொல்லாதீங்கன்னான். சர்க்கரை நல்லா எறங்கிருச்சுடி. கால் வலிகூட இல்ல.”

மரியம்மாள் டீச்சர் மிஷன் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். தன்னிடம் எழுத்துப் படித்தவன் தப்பானவனாக இருக்கவே முடியாது என்பது அவளுக்கு ஜெபம் மாதிரி.

ஆஷ்லின் மைக்கேல்ராஜுக்குப் போன் போட்டாள். அவர் எடுத்ததும் கத்தினாள்.

“எங்கம்மாவ எலியாக்கிட்டீங்களா சார்? நீங்கல்லாம் மனுசனா?”

“கோபப்படாத ஆஷ்லின். ரத்த ரிப்போர்ட் பாத்தேன். அம்புட்டு நல்லாருக்கு. டீச்சரையே மேடையேத்திப் பேசச் சொல்லலாம்.”

அவள் தரையைப் பார்த்துவிட்டாள்.

கறுப்புக் கோடு. ஜன்னலிலிருந்து இறங்கி, சாக்பீஸ் கோட்டைத் தாண்டி, சிந்திய சர்க்கரையைச் சுற்றிக்கொண்டு, நேராக அம்மாவின் அறைக் கதவுக்கு அடியில் போனது.

கதவைத் தள்ளினாள். இருட்டு. புளித்த வாடை முகத்தில் அடித்தது. போனில் டார்ச்சைப் போட்டாள்.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சிரித்த முகம். கால்களில் முழங்கால்வரை கறுப்பு சாக்ஸ்.

அம்மாவிடம் சாக்ஸே கிடையாது.

சாக்ஸ் அசைந்தது.

“மைக்கேலா லைன்ல? குடு, பேசுறேன்.”

கையை நீட்டினாள். அந்தக் கையும் கறுப்பு. முழங்கைவரை. போனைப் பற்ற விரல்கள் விரிந்தபோது எறும்புகள் கொத்தாக உதிர்ந்தன. அடியில் வெள்ளை வெளேரென்று எலும்பு.

“டீச்சர், எப்படி இருக்கீங்க?” என்றது போன்.

“நல்லாருக்கேன்ப்பா. வலியே இல்ல.”