வெர்னா ஹோட்ஜஸ் எடுத்த நாற்பது சீட்டுகள்

"என் உழைப்பையே திருடிட்டா, ஸ்வோபோடா. இருபத்திரண்டு வருஷம் எதிர்மேஜையில உட்கார்ந்திருந்தவ."

எம்மெட் லாஃப்ளின் உட்காரக்கூட இல்லை. சட்டத்தில் புழங்கும் ஆங்கிலச் சொற்களுக்கு அகராதி தொகுப்பதே அவருடைய ஆயுள் வேலை. டெக்சாஸில் அவரிடம் திட்டு வாங்காத வக்கீல் குறைவு. நாலு வார்த்தையில் முடிவதை நாற்பது வார்த்தைக்கு இழுத்தால் மனிதருக்கு ஆகாது. திங்கட்கிழமை அகராதி அச்சுக்குப் போகிறது. இந்தச் சமயத்தில், அவர் கைப்பட எழுதிய நாற்பது மேற்கோள் சீட்டுகள், சொல்லின் பொருளும் அது வந்த வரியும் குறித்தவை, 'பி' எழுத்துச் சொற்களின் இழுப்பறையில் இல்லை. அதே மேற்கோள்கள் புதுச் சீட்டுகளில் இருந்தன, இணையாசிரியை வெர்னா ஹோட்ஜஸின் கையெழுத்தில்.

"நிரூபிச்சுக் குடுங்க. முதல் பக்கத்துல இருந்து அவ பேரை அடிச்சுடறேன்."

ஸ்வோபோடா ஆஸ்டின் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது தெரிந்தவர்களுக்குத் துப்பறிந்து கொடுப்பவர். அவரோடு ஒட்டிக்கொண்டு திரியும் கர்ட்டிஸ் அதே கோர்ட்டில் டவாலியாக இருந்தவர். விசாரணைக்கு முன்பே தீர்ப்புச் சொல்வது கர்ட்டிஸின் சுபாவம்.

"இதுல துப்பறிய என்ன சார் இருக்கு? அந்தம்மா கையெழுத்தே சாட்சி."

எம்மெட் வீட்டுச் சீட்டு அறையில் வெர்னா மட்டும் இருந்தார். ஸ்வோபோடா புதுச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். எழுதியவரின் முதலெழுத்துகளும் தேதியும் சீட்டின் மூலையில் இருக்க வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம்.

"கர்ட்டிஸ், மூலையில யார் பேரு இருக்கு பாரு."

"எம்மெட் பேரு." கர்ட்டிஸ் தலையைச் சொறிந்தார். "எழுதினது இவங்க. பேரு அவரோடதா?"

"அடுத்தவன் உழைப்பைத் திருடறவ தன் பேரைத்தானே போட்டுப்பா? சரி, அவர் எழுதினது சரியா இருந்தா மறுபடியும் எழுதற வேலை எதுக்கு?"

ஸ்வோபோடா வெர்னா பக்கம் திரும்பினார்.

"வேற யாரா இருந்தாலும் பழசை எரிச்சிருப்பாங்க. நீங்க அகராதிக்காரங்க. தப்புச் சீட்டைக்கூடக் கிழிக்க மாட்டீங்க. அதனால அது இந்த அறையிலதான் இருக்கு. யாரும் திறக்காத இழுப்பறை எது?"

கர்ட்டிஸ் அதற்குள் 'எக்ஸ்' இழுப்பறையை இழுத்துவிட்டார். சட்டத்தில் அந்த எழுத்துக்கு ஏது சொற்கள்? நாற்பது சீட்டுகளும் நூல் கட்டி அங்கே இருந்தன.

மார்ச் மாதச் சீட்டில் மேற்கோள் பாதியில் நின்றது. ஏப்ரலில் எம்மெட் ஒரே மேற்கோளை ஒரே நாளில் ஐந்து முறை எழுதியிருந்தார். ஜூன் மாதச் சீட்டுகளில் பொருள் எழுதும் இடத்தில் பொருளே இல்லை. கோணல் எழுத்தில் ஒரு வரிதான் இருந்தது: 'வெர்னாவைக் கேட்க வேண்டும். அவளுக்குத் தெரியும்.' கர்ட்டிஸ் விசாரிக்காமலே வெர்னாவைத் திருடி ஆக்கிய தன் வாயை நொந்துகொண்டார்.

"காலையில நல்லா இருப்பார்," என்றார் வெர்னா. "சாயங்காலம் வார்த்தையெல்லாம் கைவிட்டுடும். அவர்கிட்ட மிச்சம் இருக்கிறது இந்தப் புத்தகம்தான். அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

"உங்க பேரு போயிடுமே, அம்மா," என்றார் கர்ட்டிஸ்.

"போகட்டும்."

பொழுது சாயும் நேரம் எம்மெட் முதல் பக்கத்தின் அச்சுப்படியோடு உள்ளே வந்தார். "என்ன ஆச்சு? யார் எடுத்தது?"

ஸ்வோபோடா பெருமூச்சு விட்டார். "இங்க திருட்டுன்னு எதுவும் நடக்கல, எம்மெட்."

"நான்தான் எடுத்தேன்," என்றார் வெர்னா.

கர்ட்டிஸ் வாயைத் திறந்தார். ஸ்வோபோடா அவர் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார்.

எம்மெட் மேஜைமேல் தாளை விரித்துப் பேனாவைத் திறந்தார். தாளில் இரண்டு பெயர்கள் இருந்தன. பேனா முதல் பெயருக்குப் போனது, இரண்டாவதற்கு இறங்கியது, மறுபடி மேலே போனது. அவர் நிமிர்ந்து எல்லார் முகத்தையும் பார்த்தார். கோபம் எங்கோ போய்விட்டிருந்தது.

"இதுல எது அவ பேரு?"

வெர்னா அருகே வந்து குனிந்தார். தன் பெயரின்மேல் விரலை வைத்துக் காட்டினார்.

"இதுதான், எம்மெட்."