‘ஓம்’ என்றால் ‘ஆமாம்’

சிங்கப்பூரின் செங்காங்கில் ஒரு தொடக்கப்பள்ளி. அங்கே ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்தால், கேண்டீனில் கொதிக்கும் சூப்பே கொதிப்பதை நிறுத்திவிட்டு, “என்னவாம்?” என்று எட்டிப் பார்க்கும். அவ்வளவு பெரிய சிரிப்பு!

அந்தச் சிரிப்புதான் ஒரு பெண்ணின் வாயைப் பூட்டிவிட்டது.

அவள் பெயர் சிவதர்ஷினி. அப்பாவுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்ததால் யாழ்ப்பாணத்திலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தாள். முதல் நாள் இன்ஷா டீச்சர் வருகைப் பதிவு எடுத்தார்.

“சிவதர்ஷினி வந்தாச்சா?”

“ஓம், டீச்சர்.”

அவள் ஊரில் ‘ஓம்’ என்றால் ‘ஆமாம்’. அது வகுப்பின் குறும்பன் ரித்திக்குக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவன் சும்மா இருந்திருப்பானா என்பது சந்தேகம்தான். நாற்காலியில் சம்மணம் போட்டான். கண்களை மூடினான். விரல்களை மடித்து முழங்காலில் வைத்தான்.

“ஓம்ம்ம்ம்ம்…”

சாங்கியில் இறங்கும் விமானம் வழி தவறி வகுப்புக்குள் வந்துவிட்டதுபோல இருந்தது. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

“ரித்திக், போதும்!” என்றார் டீச்சர். அவர் பலகைப் பக்கம் திரும்பும்வரை போதும் என்றுதான் அவன் புரிந்துகொண்டான்.

அன்றிலிருந்து கேண்டீனில் ‘ஓம்ம்ம்’. படிக்கட்டில் ‘ஓம்ம்ம்’. கழிவறை வரிசையில்கூட ‘ஓம்ம்ம்’.

“சாமியாரம்மா, ஆசீர்வாதம் பண்ணுங்க லா!” சிங்கப்பூரில் எந்தப் பேச்சுக்கும் வால் இந்த ‘லா’தான்.

தர்ஷினி முதலில் ‘ஓம்’ என்பதை விட்டாள். பிறகு ‘யெஸ்’ என்பதையும் விட்டாள். அப்புறம் தலையை மட்டும் ஆட்டினாள். கடைசியில் அதுவும் நின்றுபோனது. காற்றடித்தால் மரம்கூட அசையும். இவள் அசையவில்லை.

அவளுக்குப் பக்கத்து இருக்கை ரக்ஷனாவுடையது. ஒருநாள் தர்ஷினி மேசையைப் பார்த்தபடி, கண்ணைத் துடைத்துக்கொண்டு முணுமுணுத்தாள்.

“எனக்கு இந்தப் பள்ளிக்கூடம் வேண்டாம். அப்பாட்டச் சொல்லி ஊருக்கே போகப்போறன்.”

ரக்ஷனா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

அவள் நேராக ரித்திக்கிடம் போனாள். “டேய், ஸ்டாப் லா. அவ அழுறா.”

“ஜோக் தானே லா, ரிலாக்ஸ்! ஓ… நீ சாமியாரம்மாவோட சிஷ்யையா?”

இப்போது ஒரு ‘ஓம்ம்ம்’ இரண்டாகிவிட்டது. ஒன்று தர்ஷினிக்கு, ஒன்று ரக்ஷனாவுக்கு.

அடுத்து அவள் இன்ஷா டீச்சரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். டீச்சரின் முகம் வாடிவிட்டது. “நல்லவேளை சொன்னே. ரித்திக்கை நான் கூப்பிட்டு விசாரிக்கிறேன். நாளைக்குத் தர்ஷினிகிட்டயும் பேசுறேன்.”

ரக்ஷனா துள்ளிக்கொண்டு ஓடினாள். அவள் துள்ளிய துள்ளலில் பள்ளிக்கூடக் கட்டடம் ஓர் அங்குலம் நகர்ந்ததாகக் கேள்வி.

“தர்ஷினி! உன்னைப் பத்தி டீச்சர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். நாளைக்கு உன்கிட்ட பேசுவாங்க!”

தர்ஷினியின் முகம் வெளுத்தது. “டீச்சர்… பேசுவாவோ?”

“ஆமா! நல்லா, ரொம்ப நேரம் பேசுவாங்க. அப்புறம் நானும் பேசுவேன்!”

மறுநாள் தர்ஷினி வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. ரக்ஷனா அந்தக் காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊருக்கே போய்விட்டாளா? உதவி செய்யத்தானே நினைத்தோம், எங்கே தப்பு நடந்தது?

டீச்சர் கண்டித்ததில் ரித்திக் ஒருநாள் முழுக்க நல்ல பிள்ளையாக இருந்தான். அதுவே அவனுக்கு உலக சாதனை. மறுநாள் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தே “ஓம்ம்ம்” என்றான். வகுப்பு அதற்கும் சிரித்தது.

ஞாயிற்றுக்கிழமை ரக்ஷனா அம்மாவோடு தேக்கா சந்தைக்குப் போனாள். அங்கே முருங்கைக்காய்க் குவியலுக்குப் பின்னால் தெரிந்த இரட்டைப் பின்னல் யாருடையது?

“தர்ஷினி!”

பின்னல் சட்டென்று ஒரு பெரியம்மாவின் முதுகுக்குப் பின்னால் மறைந்தது. அவர் தர்ஷினியின் மாமி, கமலாம்பிகை. கையில் ஒரு முருங்கைக்காயை வாள்போலப் பிடித்திருந்தார்.

“நீதானோ ரக்ஷனா? டீச்சரிட்டச் சொல்லி இந்தப் பிள்ளைக்குப் பேச்சு வாங்கிக் குடுக்கப் பாத்தது நீதானே?”

ரக்ஷனா திருதிருவென்று விழித்தாள். “இல்ல ஆன்ட்டி! டீச்சர் பேசுறேன்னுதான் சொன்னாங்க.”

“அதைத்தானே நானும் கேக்கிறன்! ஒரு பிழையும் செய்யாத பிள்ளைக்கு அவ ஏன் பேசோணும்? நீ ஏன் பேசோணும்?”

ரக்ஷனாவுக்கு ஏதோ இடித்தது. “ஆன்ட்டி… உங்க ஊர்ல பேசுறதுன்னா என்ன?”

மாமியின் முதுகுக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரல் வந்தது. “ஏசுறது.”

“ஏசுறதுன்னா? திட்டுறதா?”

“ம்.”

“அப்போ ரெண்டு பேர் சும்மா உட்கார்ந்து, சாப்பிட்டியா, தூங்கினியான்னு கேட்டுக்கிட்டா?”

“அது கதைக்கிறது.”

ரக்ஷனா தலையில் கை வைத்துக்கொண்டாள். ஏற்கெனவே பயந்துபோயிருந்தவளிடம், டீச்சர் ரொம்ப நேரம் திட்டுவார், பிறகு நானும் திட்டுவேன் என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள்! அதுவும் துள்ளிக்கொண்டு!

“ஐயோ தர்ஷினி, டீச்சர் உன்னோட கதைக்கத்தான் நினைச்சாங்க. நானும் கதைக்கத்தான் வந்தேன். நீ ஒரு தப்பும் செய்யல.”

மாமியின் முருங்கைக்காய் மெதுவாகக் கீழே இறங்கியது. தர்ஷினியின் பாதி முகம் வெளியே வந்தது.

“ஆனா நான் வந்தா அவை சிரிப்பினம்,” என்றாள்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ரக்ஷனா அதையே மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். அவை சிரிப்பினம். அவர்கள் சிரிப்பார்கள். ரித்திக்கை நிறுத்த முடியவில்லை, சரி. ஆனால் ரித்திக் மட்டுமா சிரிக்கிறான்?

திங்கட்கிழமை இடைவேளையில் அவள் கவிப்ரியாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். வகுப்பிலேயே பெரிய சிரிப்பு கவிப்ரியாவுடையது.

“தர்ஷினி ஸ்கூலே வேணாங்குறா, கவி. நாம சிரிக்கிறதுனால.”

கவிப்ரியாவின் கரண்டி நின்றது. “நான் சிரிக்கலன்னா அவன் என்னையும் கிண்டல் பண்ணுவான் லா.”

“பண்ணட்டும். அவனுக்கு எவ்வளவு நேரம்தான் மூச்சு இருக்கும்?”

அப்படியே ஒவ்வொருவரிடமும் போனாள். நிதீஷ் “ட்ரை பண்றேன், ஆனா சிரிப்பு வந்தா நான் என்ன செய்ய?” என்றான். இன்னொருவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ரக்ஷனாவின் மீ கோரெங் நூடுல்ஸ் ஆறிப்போய்க் கயிறாகவே மாறிவிட்டது.

மறுநாள் தர்ஷினி வந்தாள். டீச்சர் ஏசமாட்டா, கதைக்கத்தான் போறா என்று சொல்லி, மாமி வாசல்வரை கொண்டுவந்து விட்டிருந்தார்.

“சிவதர்ஷினி வந்தாச்சா?”

ரித்திக் சம்மணம் போட்டான். கண்களை மூடினான்.

“ஓம்ம்ம்ம்ம்…”

நிதீஷ் தண்ணீர் பாட்டிலின் வாரைக் கடித்துக்கொண்டான். கவிப்ரியா கணிதப் பரீட்சையை நினைத்துக்கொண்டாள். எங்கோ ஒரு மூக்கு மட்டும் ‘க்ளுக்’ என்றது. மற்றபடி மின்விசிறிச் சத்தம்தான்.

ரித்திக்கின் ‘ம்ம்ம்’ நீண்டது, மெலிந்தது, எண்ணெய் போடாத கதவுபோல முனகியது. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். எல்லாரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை.

“முடிஞ்சுதா, ரித்திக்?” என்றார் டீச்சர். “தண்ணி குடி.”

வகுப்பு முடிந்ததும் அவன் தர்ஷினியின் மேசைப் பக்கம் வந்து நின்றான். காதெல்லாம் சிவந்திருந்தது. “நான் சும்மா விளையாட்டுக்குத்தான்…”

தர்ஷினி தலையை நிமிர்த்தினாள்.

“எனக்கு அது விளையாட்டு இல்லை.”

எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். குரல் நடுங்கியது, ஆனால் உடையவில்லை. ரித்திக் தன் காலணியைப் பார்த்து “சாரி” என்றான். காலணிக்கு நன்றாகக் கேட்டது. பிறகு நிமிர்ந்து, அவளைப் பார்த்து இன்னொரு முறை சொன்னான்.

அன்று மாலை ரக்ஷனாவும் தர்ஷினியும் செங்காங் எல்ஆர்டி ரயிலில் சேர்ந்தே வீட்டுக்குக் கிளம்பினார்கள். தர்ஷினி கதைக்க ஆரம்பித்தாள். ஊரில் விட்டுவந்த பூனையைப் பற்றிக் கதைத்தாள். மாமியின் குறட்டையைப் பற்றிக் கதைத்தாள். இத்தனை நாள் பூட்டிவைத்த சொற்களெல்லாம் முட்டி மோதிக்கொண்டு வெளியே வந்தன. ரயில் பெட்டியில் மற்றவர்களுக்கு நிற்க இடமில்லை!

இறங்கவேண்டிய நிலையம் வந்தது. கதவு திறந்தது. ரக்ஷனா பார்த்தாள். எழுந்திருக்காமல், தர்ஷினி கதைப்பதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

கதவு மூடியது. அந்த ரயில் வட்டமாகத்தானே ஓடுகிறது? நிலையம் மறுபடியும் வரும்.