மாட்டேன் என்று அச்சடித்த கணினி

வீட்டைத் தர மாட்டேன் என்று குயிலி எழுதிய மூன்றாவது கடிதத்துக்கும் நகர்வான் வாரியத்திலிருந்து நன்றிதான் வந்தது. "தங்கள் இல்லத்தை மனமுவந்து அளிப்பதற்கு நெகிழ்ந்து வணங்குகிறோம். அடுத்த மாதம் இடிப்பு வண்டி வரும்" என்று சுவர்த்திரையில் எழுத்துகள் பூப்பூவாக மிதந்தன. பெரம்பூரில் அவள் வீடு இருந்த வரிசையை இடித்துவிட்டு, பறக்கும் வண்டிகளுக்கு இறங்குதளம் கட்டப் போகிறார்கள்.

அவள் எழுதியதில் உவப்பும் இல்லை, வணக்கமும் இல்லை. "மானங்கெட்டவர்களே, ஒரு செங்கல்லைத் தொட விட மாட்டேன்" என்றுதான் எழுதியிருந்தாள். அது இதமியின் வழியாகப் போயிருந்தது.

இதமியின் வழியாகப் போகாத சொல் நாட்டிலேயே கிடையாது. எழுத்தென்றால், எழுதும் பொறிக்குள் உட்கார்ந்திருக்கும் இதமி அதைத் தட்டிக்கொட்டி நயமாக்கி அனுப்பும். பேச்சென்றால், கேட்பவர் காதில் இருக்கும் செவிமணி அதே வேலையைச் செய்யும். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தும்போதே தோட்டோடு செவிமணியும் ஏறிவிடும். பிறகு அதைக் கழற்றுவார் இல்லை. மாமியார்கள் திட்டினார்கள், மருமகள்களுக்கு வாழ்த்தாகக் கேட்டது. விவாகரத்து வக்கீல்கள் வேறு பிழைப்பு தேடிப் போனார்கள். தன் சொல் சலிக்கப்பட்டுத்தான் போய்ச் சேருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் தாராளமாக வைதார்கள். தன் காதுக்கு வருவதும் சலித்ததுதான் என்பது மட்டும் ஒருவர் நினைப்பிலும் நிற்பதில்லை. அது மனுஷ சுபாவம், அதற்கு இதமியைக் குறை சொல்லிப் பயனில்லை.

"பாத்தியா நறு, மறுபடியும் நன்றியாம்" என்றாள் குயிலி, மாடியிலிருந்து இறங்கி வந்த தங்கையிடம்.

நறுமுகை படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று ஏதோ சொன்னாள். "உன் முடிவுதான்க்கா என் முடிவும்" என்று குயிலிக்குக் கேட்டது. அப்பா கட்டிய வீடு, இருவருக்கும் பாதிப் பாதி. கீழே அக்கா, மேலே தங்கை, இருவருமே தனிக்கட்டைகள். தங்கை துணைக்கு நிற்கிறாள் என்ற தெம்பில்தான் குயிலி வாரியத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

மல்லுக்கட்டாத நேரங்களில் அவளுக்கு வேறொரு பைத்தியம் இருந்தது. மிதவை ரயிலில் சிக்னல் பிரிவில் இருந்தவள் ஓய்வு பெற்றதும் சும்மா இருக்க மாட்டாமல், புதுப்பேட்டை காயலான் கடையில் ஒரு பழைய மேசைக் கணினியை எடைக்கு வாங்கி வந்திருந்தாள். கொள்ளுத்தாத்தா காலத்துச் சரக்கு. வாங்கும்போது அதைக் கணினி என்று சொன்னால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். உள்ளே கடிகாரத்துக்கு வைத்திருந்த பேட்டரி கசிந்து, பலகையின் செம்புக் கோடுகளை அரித்துத் தின்றிருந்தது. மின்தேக்கிகள் உப்பிப் போயிருந்தன. குயிலி வினிகர் தொட்ட பஞ்சால் பச்சைக் கறையைத் துடைத்து, அறுந்த கோடு ஒவ்வொன்றுக்கும் முடி போன்ற கம்பியை வைத்து சால்டரிங் செய்தாள். மஞ்சளித்துப்போன மேல்கூட்டில் பெராக்சைடு தடவி, வடாம் காயப்போடுகிற மாதிரி மொட்டைமாடி வெயிலில் வைத்தாள். அதோடு வந்த, எழுத்தைப் புள்ளி புள்ளியாக அடிக்கும் அச்சுப்பொறியின் ரிப்பன் வறண்டு கிடந்தது. ஸ்டாம்ப் பேடுக்கு ஊற்றுகிற மையை வாங்கி அதில் ஊறவைத்தாள்.

இந்தக் காலத்துப் பொறிகளில் இப்படிக் கை வைக்க முடியாது. திருகைத் திறந்தாலே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உயிரை விட்டுவிடும். இதுவோ எத்தனை முறை திறந்தாலும் அடம்பிடித்துக்கொண்டு அப்படியே கிடந்தது. அந்த அடம் குயிலிக்குப் பிடித்திருந்தது.

கடைசியில் ஒருநாள் சுவிட்சைப் போட்டபோது விசிறி கரகரத்தது, ஒரு பீப் சத்தம் வந்தது, கறுப்புத் திரையில் பச்சைக் கோடு ஒன்று விட்டு விட்டு மின்னியது. வணக்கம் சொல்லவில்லை, சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை. குயிலி குத்துமதிப்பாக எதையோ தட்டினாள். தவறான கட்டளை என்று ஆங்கிலத்தில் மூஞ்சியில் அடித்த மாதிரி பதில் வந்தது.

அவள் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தப்பு என்று அவளிடம் யாராவது சொல்லி எவ்வளவு காலமாயிற்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சிக்னல் கம்பியை மாற்றி இணைத்தபோதுகூட, மேலதிகாரி சிவந்த முகத்தோடு, "புதுமையான முயற்சிம்மா" என்றுதான் சொன்னார். இப்போது ஒரு ஓட்டை இயந்திரம் அவளைத் தப்பென்று சொல்லிவிட்டது. குயிலிக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. அன்று முழுவதும் வேண்டுமென்றே தப்புத் தப்பாகத் தட்டித் திட்டு வாங்கிக்கொண்டாள்.

தமிழ் எழுத்துகள் இருந்த பிளாப்பி ஒன்றை எங்கெங்கோ அலைந்து பிடித்துப் போட்டபோதுதான் விஷயமே விளங்கியது. அச்சுப்பொறி தாளைக் கவ்விக்கொண்டு நகர மறுத்தது. அவள் எரிச்சலில், "சனியனே, ஓடு" என்று விசைப்பலகையில் தட்டினாள். அது கிர் கிர்ரென்று இரைந்து அச்சடித்துக் கொடுத்தது. எடுத்துப் பார்த்தாள். "சனியனே, ஓடு" என்றே இருந்தது.

இதற்குள் இதமி இல்லை. இதமி பிறப்பதற்கு முன்பே செத்துப்போய், இப்போது அவள் கையால் எழுந்து வந்த இயந்திரம் இது.

கையால் எழுதும் பழக்கமே நாட்டில் அற்றுப்போயிருந்தது, எழுதினாலும் அந்த மனுவை வாரியம் வாங்காது. ஆனால், உரிமையாளர்களில் ஒருவர் அச்சிட்ட மறுப்பை நேரில் கொடுத்தால் இடிப்பை நிறுத்த வேண்டும் என்ற பழைய விதியை நீக்க எல்லோரும் மறந்திருந்தார்கள். அச்சிடுகிற பொறியெல்லாம் இதமியின் பிடியில் இருக்கும்போது யார் அதைப் பற்றிக் கவலைப்படப் போகிறார்கள்?

வாரிய அலுவலகத்தில் இருந்த ரித்திக் என்ற அதிகாரிக்கு முப்பது வயதிருக்கும். ஓரத்தில் துளை வரிசை போட்ட அந்தத் தாளை அவன் அதிசயமாகத் தடவிப் பார்த்தான். பிறகு படித்தான். "என் வீட்டைத் தர மாட்டேன். கேட்பதற்கு உங்களுக்கு வெட்கமாக இல்லையா? இடிப்பு வண்டி வந்தால் அதன் முன்னால் படுப்பேன்." படிக்கப் படிக்க அவன் முகம் வெளுத்தது. பிறந்ததிலிருந்து ஒரு சுடுசொல்லைக்கூடக் கண்டறியாத பிள்ளை.

"அம்மா, உங்களுக்கு எங்கயாவது வலிக்குதா?" என்று கேட்டான்.

"வலியெல்லாம் இல்ல தம்பி. வீட்ட தர மாட்டேன். அவ்ளோதான்."

அவன் முகம் மலர்ந்தது. "அதான பாத்தேன். சந்தோஷமா தர்றேன்னுதான சொல்றீங்க?"

"காத நம்பாத. பேப்பர படி."

அவன் தாளைப் பார்த்தான், அவள் வாயைப் பார்த்தான், திரும்பவும் தாளைப் பார்த்தான். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் குயிலி இரக்கப்படுகிற நிலையில் இல்லை. அவன் முத்திரை குத்தும்வரை மேசையை விட்டு நகரவில்லை. வெளியே வந்தபோது உடம்பு லேசாகிவிட்டிருந்தது. தன் வாயில் வந்த சொல் ஒன்று, தன் உருவத்திலேயே போய் இன்னொருவரைத் தொட்டிருக்கிறது. அதற்காகவே இன்னும் நாலு அரசாங்கத்தோடு மோதலாம் போலிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தங்கையைக் கூப்பிட்டாள். "நறு, ஜெயிச்சிட்டோம்டி. இந்தக் கம்ப்யூட்டர் நான் தட்டினத அப்படியே அடிச்சுக் குடுத்திச்சு. வீடு நம்மளது."

நறுமுகை மெதுவாக இறங்கி வந்தாள். அவள் வாய் வெகுநேரம் அசைந்தது. "ரொம்ப சந்தோஷம்க்கா, நீ நல்லா இருக்கணும்" என்று கேட்டது. அவள் கண் கலங்கியிருந்ததை ஆனந்தக் கண்ணீர் என்றே குயிலி எடுத்துக்கொண்டாள்.

நறுமுகை பேச்சை நிறுத்தினாள். அக்காவைத் தாண்டிப் போய்க் கணினியின் முன் உட்கார்ந்தாள். விசைப்பலகையில் எழுத்துகளைத் தேடித் தேடி ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினாள். குயிலி பின்னால் நின்று புன்னகையோடு பார்த்தாள். திரையில் பச்சை எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

நான் இந்த வீட்டை வெறுக்கிறேன்.

குயிலியின் புன்னகை அப்படியே நின்றது. தங்கை திரும்பிப் பார்க்காமல் தட்டிக்கொண்டே போனாள்.

முட்டி தேய்ந்துவிட்டது. மாடி ஏற முடியவில்லை. விற்றுவிட்டு ஆளுக்கொரு தரைவீடு பார்க்கலாம் என்று உன்னிடம் எத்தனை வருஷமாகச் சொல்கிறேன். அழுதும் சொன்னேன். நீ சிரித்துக்கொண்டே தலையாட்டுவாய். வாரியம் வந்ததும் விடிவுகாலம் என்று நினைத்தேன். அதையும் கெடுத்துவிட்டு வந்து நிற்கிறாய்.

வாரியத்துக்குக் குயிலி எழுதியது மூன்றே கடிதங்கள். அதற்கே அவளுக்கு அவ்வளவு கோபம் வந்தது. இவள் வருஷக்கணக்காகக் கத்தியிருக்கிறாள். "மாடி ஏறி இறங்கினா காலுக்கு நல்லதுக்கா" என்று காதில் விழுந்ததை நம்பிக் குயிலி, என் தங்கைக்கு மாடி என்றால் உயிர் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறாள். அவமானமாக இருந்தது. அவமானத்தின் அடியில் பழைய பிடிவாதமும் அப்படியே இருந்தது. இது அப்பா வீடு.

மேசையில் கிடந்த மூக்குக் குறடை எடுத்தாள். காதில் வைத்து நெம்பினாள். ரத்தம் துளிர்த்தது, செவிமணி தரையில் விழுந்து உருண்டது. குறடைத் தங்கையிடம் நீட்டினாள். நறுமுகை அக்காவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, தன்னுடையதையும் பிடுங்கிப் போட்டாள்.

"இப்ப வாயால சொல்லு" என்றாள் குயிலி.

"வீட்ட வித்துத் தொலைடி" என்றாள் நறுமுகை. அவள் குரல் இவ்வளவு கரகரப்பானது என்பது குயிலிக்கு இன்றுதான் தெரிந்தது.

"தர மாட்டேன்."

"அப்பாடா, கேட்டுச்சு. இப்ப நான் சொல்றத கேளு. நீ சுயநலம் பிடிச்சவ. சின்ன வயசுலேந்தே நீ அப்படித்தான்."

"நீ மட்டும் என்னவாம். அப்பா படுத்துக் கெடந்தப்ப எட்டிப் பாத்தியா?"

ஆரம்பித்துவிட்டது. அப்பா, அம்மா, கல்யாணம், நகை, யாரோ யாருக்கோ போடாத சோறு என்று எல்லாம் வரிசையாக வெளியே வந்தது. இருவரும் அழுதார்கள், மேசையைக் குத்தினார்கள், யாரும் அறையை விட்டுப் போகவில்லை. சத்தம் தெருவரை போயிருக்க வேண்டும். மூச்சு வாங்க ஜன்னல் பக்கம் வந்த குயிலி, எதிர்வீட்டு சர்வேஷும் அவர் மனைவி லயாவும் வாசலில் நின்று இங்கேயே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். சர்வேஷ் இரண்டு கைகளையும் கன்னத்தில் வைத்துச் சொக்கிப்போய் நின்றார்.

"என்னமா கொஞ்சிக்கிறாங்க பாரு, அக்காவும் தங்கச்சியும்" என்றார் மனைவியிடம். "கூடப்பொறந்தவங்கன்னா இப்படி இருக்கணும்."

"உன்கூட குடும்பம் நடத்துறதுக்கு நான் ரயில்ல விழலாம்டா, பாவி" என்றாள் லயா.

சர்வேஷ் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டு அவள் தோளில் கை போட்டார்.

குயிலி வெறும் காதோடு அங்கேயே நின்றாள். தெருக்கோடியில் ஒரு தாய் பிள்ளையிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். பெட்டிக்கடைக்காரர் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். எல்லாம் தெளிவாகக் கேட்டது. தரையில் கிடந்த செவிமணியை அவள் ஒரு தடவை பார்த்தாள். பிறகு அதைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, ஜன்னலை அகலத் திறந்து வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தாள்.